தீபாவளிக்குள் மங்கு போகுமா?

செம்பனைக்காரி | 4 ஆகஸ்டு 2024, இரவு 9.40

வயது 38. இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இரண்டு கன்னத்திலும் மங்கு, கருந்திட்டாக. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு செட் கிரீம் வாங்கினேன். பகலுக்கு மஞ்சள் டப்பா, இரவுக்கு வெள்ளை டப்பா, சேர்த்து 35 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஒன்பதே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. விற்ற அக்கா, எல்லாம் மூலிகைதான், பயப்படாதே என்றார். தோட்டத்தில் ஆறு பேர் தங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா? தீபாவளிக்குள் மங்கு முழுசாகப் போய்விடுமா?

மருந்துக்கடை அக்கா | 4 ஆகஸ்டு, இரவு 10.15

வாங்கிக் கொடுக்காதே. நீயும் இன்று ராத்திரி போடாதே. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

மருந்துக்கடை அக்கா | 5 ஆகஸ்டு

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மருந்துக் கடை கவுண்டரில் 2003இலிருந்து நிற்கிறேன். நான் மருந்தாளுநர் இல்லை, உதவியாளர். ஆனால் இந்த மஞ்சள் டப்பா, வெள்ளை டப்பா கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

மேல்தோல் ஒரு சுற்று புதுசாக மாறவே நாலு வாரத்துக்கு மேல் ஆகும். நிறமி அதற்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. அப்படியிருக்க எந்த மூலிகை ஒன்பது நாளில் மங்கைத் தூக்கும்? அவ்வளவு வேகம் என்றால் எனக்கு நாலு பேர் மேல்தான் சந்தேகம் வரும்: பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு. நம் சுகாதார அமைச்சின் கீழ் இருக்கும் மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், என்பிஆர்ஏ என்பார்கள், இந்த நாலில் ஒன்றோ பலவோ கலந்திருந்ததாகச் சொல்லி முகக் கிரீம்களின் அனுமதியை ரத்து செய்துகொண்டே இருக்கிறது. ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினோயினும் உண்மையில் நல்ல மருந்துகள். மருத்துவர் பார்த்து, அளவு சொல்லி, இத்தனை மாதம் என்று கெடு வைத்துக் கொடுக்க வேண்டியவை. பாதரசத்துக்கு அந்த நியாயமும் கிடையாது. நிறமியை உண்டாக்கும் நொதிக்குத் தாமிரம் வேண்டும். பாதரசம் அந்தத் தாமிரத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்திவிடும். முகம் வெளுக்கும். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும். கேரளத்தில் மலப்புறம் பக்கம் சிறுநீரக நோயோடு வந்தவர்களை மருத்துவர்கள் விசாரித்தபோது, பலர் வெளுப்புக் கிரீம் போட்டவர்களாக இருந்தார்கள். அது 2023இல் வெளியே வந்த செய்தி.

உன் டப்பாவை எடுத்துப் பார். தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா? நோட் (NOT) என்று ஆரம்பித்து ஒன்பது இலக்கமும் கடைசியில் கே (K) என்ற எழுத்தும் கொண்ட அனுமதி எண் இருக்கிறதா? இருந்தாலும் நம்பாதே. அடுத்தவன் எண்ணைத் திருடி அச்சடிக்கிறவர்கள் உண்டு. என்பிஆர்ஏ தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வரும். பெயர் ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்று: தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா, இல்லை விற்றவர் வாயால் சொன்னாரா? அப்படிச் சொன்னால் பாதரசமாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு வெளுக்க வைக்கும். தாலியைப் பார்.

மருந்துக்கடை அக்கா | 5 ஆகஸ்டு, கொஞ்ச நேரம் கழித்து

டப்பாவைச் சாக்கடையில் கொட்டாதே, குப்பையோடு சேர்த்து எரிக்காதே. மூடியை இறுக்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, பிள்ளைகள் கை படாத இடத்தில் வை. கிளினிக்குக்கு எடுத்துக்கொண்டு போகலாம். முகம் துடைத்த துண்டையும் தலையணை உறையையும் தனியாகத் துவை. சின்னவன் உன் கன்னத்தோடு கன்னம் வைத்துத்தானே தூங்குகிறான்?

மருந்துக்கடை அக்கா | 6 ஆகஸ்டு

ஓர் அண்ணன் கீழே கேட்டிருக்கிறார்: “மங்கு கன்னத்தில் இருக்கிறதா? எங்கள் காலத்தில் மரத்தில்தானே கட்டியிருந்தது!”

அண்ணே, சிரித்துவிட்டேன். நம் ஊரில் ரப்பர் மரத்தில் பால் வடியும் கிண்ணத்துக்கும் மங்கு என்றே பெயர். மலாய் மங்குக் நம் வாயில் மங்கு ஆனது. முகத்தில் விழும் மங்கு பழைய தமிழ்ச்சொல், நிறம் மங்குவது. ஆனால் எங்கள் அம்மா இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருந்தார். விடிகாலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு போய் நானூறு ஐந்நூறு மங்கு துடைக்கிறவளுக்கு முகத்தில் ஒன்று இருந்தால் என்ன என்பார்.

அம்மா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். அவர் முகத்தில் மங்கு லேசுதான். சித்தி செம்பனை (எண்ணெய்ப்பனை) மறுநடவில் வேலை பார்த்தவர், தலைக்கு மேல் நிழலே கிடையாது. அவருக்கு மூக்கிலிருந்து காது வரைக்கும் அடர்த்தி. அம்மா வேலை பாதி இருட்டில், மீதி மரநிழலில். ஆகவே வெயில்தான் காரணம் என்பது தெளிவு.

மருந்துக்கடை அக்கா | 7 ஆகஸ்டு

மேலே “தெளிவு” என்று எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சகோதரிகளை வைத்துக்கொண்டு அறிவியல் பேசக்கூடாது. சித்திக்கு ஐந்து பிள்ளைகள், அம்மாவுக்கு இரண்டு. சித்தி கர்ப்பத்தடை மாத்திரையும் சாப்பிட்டார். கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை, பரம்பரை, வெயில் எல்லாம் சேர்ந்தே மங்கைக் கிளப்பும். அடுப்பு வெக்கையும் கூட்டும் என்கிறார்கள். இதில் எல்லாருக்கும் கையில் இருப்பது வெயில்தான். அதனால்தான் எல்லாரும் வெயிலையே பேசுகிறோம்.

மருந்துக்கடை அக்கா | 10 ஆகஸ்டு

செம்பனைக்காரி தனியாக எழுதினாள். அவள் அனுமதியோடு சொல்கிறேன். டப்பாவில் ஒரு பெயரும் இல்லை. தாலி மஞ்சளாகவே இருக்கிறதாம். ஒன்பது நாள் என்று சொன்னது முகம் வெளுக்க ஆன நாள்தானாம். போட ஆரம்பித்தது ஜூன் முதல் வாரம்! இரண்டு மாதம்!

இப்போது கிரீமை நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. முகம் எரிகிறது, சிவக்கிறது, வாயைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரி. அவள் சொல்வது: “கிரீம் நல்லதுதான் அக்கா, நிறுத்தினதாலதான் இப்படி ஆச்சு.”

பாதரசம் என்று நான் ஒரே பிடியாய் நின்றேன். இது ஸ்டீராய்டு மாதிரி இருக்கிறது. ஸ்டீராய்டு போட்டவரை ரத்தக்குழாயைச் சுருக்கி, வீக்கத்தை அமுக்கி, முகத்தைப் பளிங்கு மாதிரி வைத்திருக்கும். நிறுத்தின வாரம் எல்லாம் வட்டியோடு திரும்பும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் பயந்துபோய் மறுபடியும் டப்பாவைத் திறக்கிறார்கள். விற்கிறவர்களுக்கும் அது தெரியும்.

கிளினிக்குக்குப் போ. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி. டப்பாவையும் கையோடு கொண்டு போ. சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல், பாதரசச் சோதனைக்கு வழி இருக்கிறதா என்றும் கேள்.

மருந்துக்கடை அக்கா | 11 ஆகஸ்டு, ஞாயிறு

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியம் இல்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

1999. எனக்கு 24 வயது, கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. ஓர் அழகுக் கடையில் கண்ணாடி டப்பாவில் கிரீம் கொடுத்தார்கள், மேலே ஒரு பூப்படம் மட்டும். கல்யாணப் படத்தில் என் முகம் ஒரு நிறம், மருதாணி வைத்த கை வேறு நிறம். படம் எடுத்தவர் விளக்குக் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை மாற்றி மாற்றி வைத்தார். மாமியார் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முதல் பிள்ளைக்குப் பிறகு மங்கு வந்தபோது எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு கொடியில் துணி காயப்போடப் போனேன். கன்னத்தில் விரல் ஓடிய தடம் அப்படியே கொப்பளித்து, கறுத்து, ஆறு மாதம் நின்றது. எலுமிச்சையில் இருக்கும் ஒரு பொருள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். இது எனக்குத் தெரிய வந்தது மருந்துக் கடைக்கு வேலைக்கு வந்த பிறகு.

அதனால் தயவுசெய்து எலுமிச்சை, ஆப்பசோடா, பற்பசை மூன்றையும் முகத்துக்குக் கொண்டு வராதீர்கள். தோலுக்கு லேசான புளிப்புத்தன்மை உண்டு, அதுதான் அதற்குக் காவல். சோடா அதைக் கலைக்கும்.

மருந்துக்கடை அக்கா | 17 ஆகஸ்டு

கிளினிக்கில் மருத்துவர் பார்த்துவிட்டு ஸ்டீராய்டால் வந்ததுதான் என்றாராம். சிறுநீரில் புரதம் இல்லை. பாதரசத்துக்கு மாதிரி அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர நாளாகும். ஈப்போ பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதமும் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை மென்மையான சோப்பு, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சில மாத்திரைகள், வெயிலுக்கு மறைப்பு, அவ்வளவுதான். மங்குக்கு இப்போது ஒன்றும் போடக்கூடாது.

தீபாவளிக் கணக்கு தப்பிவிட்டது என்று அழுதாள். அக்டோபர் 31க்கு இன்னும் பத்து வாரத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் மங்கு வைத்தியம் சரியாக ஆரம்பித்தாலே எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பார்க்க வேண்டும். முகம் ஆறுவதற்கே ஒரு மாதம் போய்விடும். பொய் சொல்ல எனக்கு மனசில்லை, முடியாது என்றுதான் சொன்னேன்.

மருந்துக்கடை அக்கா | 18 ஆகஸ்டு

சன்ஸ்கிரீன், அதாவது வெயில் தடுப்புக் கிரீம் பற்றி ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள்.

டப்பாவில் போட்டிருக்கும் தடுப்பு எண்தான் எஸ்பிஎஃப் (SPF). எஸ்பிஎஃப் 30 என்பது வெயிலில் எரிக்கும் கதிரில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும். 50 என்பது 98. விலை வித்தியாசத்துக்கு இந்த ஒரு விழுக்காடு பெரிசில்லை என்று கவுண்டரில் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் மருந்தாளுநர் திருத்தினார். தடுக்கிறதைப் பார்க்காதே, உள்ளே நுழைகிறதைப் பார் என்றார். மூன்று நுழைவது இரண்டாகிறது. மங்கு இருப்பவளுக்கு அது கணக்குத்தான். ஆகவே 50 வாங்குங்கள். பக்கத்தில் பிஏ (PA) என்று போட்டுக் கூட்டல் குறிகள் இருக்கும், அது இன்னொரு கதிருக்கு. கண்ணாடி வழியாகவும் வருகிறது அது. வேன் சன்னல் ஓரம் உட்காருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

இப்போது அளவு. அந்த எண்ணெல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து எடுத்தது. நாம் பூசுவது பொட்டு வைக்கிற மாதிரி. சுட்டுவிரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகக் கோடு இழுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். அது சுமார் ஒரு மில்லி. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை என்றால் 50 மில்லி டியூப் 25 நாளில் தீர வேண்டும். மூன்று மாதம் வருகிறது என்று பெருமையாகச் சொல்கிறவர் சன்ஸ்கிரீன் போடவில்லை என்று அர்த்தம்.

மங்குக்கு இன்னொரு தொல்லை உண்டு. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே நம் மாதிரிக் கறுத்த தோலில் நிறமியைக் கிளப்பும். சாதாரண சன்ஸ்கிரீன் அதை விட்டுவிடும். தோல் நிறத்தில் கலர் சேர்த்து வரும் சன்ஸ்கிரீனில் இரும்பு ஆக்சைடு இருக்கிறது, அதுதான் மறிக்கும். இரும்பு ஆக்சைடு என்றால் மிரளாதீர்கள். நம் தோட்டத்துச் செம்மண்ணைச் சிவப்பாக வைத்திருப்பதும் அதுதான். சாம்பல் பூசின மாதிரித் தெரியும் தொல்லையும் இதில் குறைவு.

மருந்துக்கடை அக்கா | 20 ஆகஸ்டு

ஒரு தங்கச்சி எழுதினாள்: “அக்கா, இந்த 2024இல் குறைந்தபட்சச் சம்பளம் 1500 வெள்ளி. மாசம் 32 வெள்ளி டியூப் யார் வாங்குவது? நீங்கள் குளிர்சாதனத்தில் நிற்கிறீர்கள்.”

சுட்டது. உண்மைதான். மேலே எழுதியதை மாற்றுகிறேன். முதலில் அகல விளிம்புத் தொப்பி, அதற்குக் கீழே கன்னத்தை மூடிக் கட்டிய துணி. நம் பெண்கள் அப்படித்தானே எப்போதும் கட்டுகிறார்கள். தோட்டத்துக்குப் போகும்போது கட்டிக்கொண்டு, கடைத்தெருவுக்கு வரும்போது மட்டும் அவிழ்த்துவிடுகிறோம். டியூப்பை மங்கு விழும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கன்ன மேடு, மூக்கு, நெற்றி, மேலுதடு. அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். கழுத்தைத் துணி பார்த்துக்கொள்ளும். வியர்வையில் ஓடிவிடும், அதனால் மதியச் சாப்பாட்டின்போது துடைத்துவிட்டு மறுபடியும் போட வேண்டும்.

மருந்துக்கடை அக்கா | 1 செப்டம்பர்

கழுத்துக் கருமை பற்றிக் கேட்ட அம்மாவுக்கு. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துத் தேய்த்து மகளின் கழுத்தைப் புண்ணாக்கிவிட்டீர்கள் என்று படத்தில் தெரிகிறது. அது அழுக்கு இல்லை. கழுத்திலும் அக்குளிலும் தோல் வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுத்தால், பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். கிரீம் தேடாமல் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, ஏறக்குறைய ஆறில் ஒருவர். பதினாறு வயதுப் பிள்ளையைத் தினமும் அழுக்குக் கழுத்து என்று கூப்பிட்டால் அவள் எங்கே போவாள்?

மருந்துக்கடை அக்கா | 3 செப்டம்பர்

அந்த அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். மன்னிக்கவும். என் அம்மாவும் எனக்கு அதையே செய்தார், அந்தக் கோபம். சர்க்கரை பார்த்தீர்களா?

மருந்துக்கடை அக்கா | 8 செப்டம்பர்

பருவைப் பற்றி. என் மகளுக்கு நெற்றி முழுக்கப் பொடிப் பொடியாக. சம்பல் சாப்பிடாதே என்று பாட்டி, தூங்கு என்று அப்பா. நான்தான் காரணம்: வாரம் மூன்று நாள் தேங்காயெண்ணெய் வழிய வழியத் தலைவாரி அனுப்பினேன். எண்ணெய் நெற்றியில் இறங்கித் துவாரத்தை அடைக்கிறது. இப்போது எண்ணெய் தலையின் பின்பக்கம் மட்டும், அதுவும் குளிப்பதற்கு முந்தி. பென்சாயில் பெராக்சைடு 2.5 விழுக்காடு வாங்கினேன். 10 விழுக்காடு நாலு மடங்கு வேலை செய்யும் என்று வாங்காதீர்கள், வேலை ஏறக்குறைய ஒன்றுதான், எரிச்சல்தான் கூடுதல். துண்டு, தலையணை, பள்ளிச் சீருடை மூன்றையும் வெளுக்க வைத்துவிடும், எச்சரிக்கை. எங்கள் வீட்டு நீலத் துண்டில் இப்போது ஒரு வெள்ளை முகம் இருக்கிறது.

மருந்துக்கடை அக்கா | 15 செப்டம்பர்

தேமல் பற்றி ஒருவர் கேட்டதால் எனக்குப் பிடித்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பாதிப் பிள்ளைகளுக்கு முதுகில் தேமல் இருக்கும். வியர்வையில் பெருகும் ஒரு பூஞ்சை அது. அது இருக்கும் இடம் ஏன் வெளுக்கிறது? 1970களில் இத்தாலியில் இதைத் தோண்டியவர்கள், அந்தப் பூஞ்சையிலிருந்து வரும் ஓர் அமிலம் நிறமி நொதியைத் தடுப்பதைக் கண்டார்கள். அசெலாயிக் அமிலம். இன்றைக்கு மங்குக்கும் பருவுக்கும் தோல் மருத்துவர்கள் எழுதும் கிரீமில் 20 விழுக்காடு இருப்பது அதுதான். கர்ப்பிணிக்கும் பாதுகாப்பானதாகக் கருதப்படும் சிலவற்றில் ஒன்று. முதல் இரண்டு வாரம் சுருக் சுருக்கென்று குத்தும்.

நியாசினமைடு கேட்டவர்களுக்கு: அது வைட்டமின் பி3. உண்டான நிறமி மேல்தோல் செல்லுக்குள் கைமாறுவதைக் குறைக்கிறது. ஐந்து விழுக்காடு போதும், மெதுவாகத்தான் வேலை செய்யும். கருமையைப் பெரிசாக மாற்றும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். எரிச்சல் குறைவு என்பதால் முகம் ஆறிய பிறகு முதலில் இதை ஆரம்பி என்று செம்பனைக்காரிக்குச் சொன்னேன். மருத்துவரும் சரி என்றாராம்.

மருந்துக்கடை அக்கா | 16 செப்டம்பர்

இன்று கடை அடைப்பு, மலேசியா தினம். அதனால் நீளமாக ஒன்று.

மங்குக்கு மாத்திரை இருக்கிறதாமே என்று நேற்று ஒருவர். இருக்கிறது, டிரானெக்சாமிக் அமிலம். அது முகத்துக்காகப் பிறந்ததே இல்லை. ஜப்பானில் உத்தாக்கோ ஒகாமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும் 1962இல் அதைப் பற்றி எழுதினார்கள். பிரசவத்தில் ரத்தம் போய்ப் பெண்கள் சாகிறார்களே, அதை நிறுத்த வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் எண்ணம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் நின்றவர். நம் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் (பிள்ளைக் காப்பகத்தில்) இடம் கிடைக்காத அம்மாக்கள் மாதிரி. 1979இல் அதே நாட்டில், அரிப்புத் தடிப்புக்கு அந்த மாத்திரை சாப்பிட்ட நோயாளிக்கு மங்கு குறைந்ததை ஒரு மருத்துவர் கவனித்தார். அப்படித்தான் முகத்துக்கு வந்தது. பிரசவத்துக்கு அது உதவுகிறது என்று இருபதாயிரம் பெண்களை வைத்துப் பார்த்த பெரிய சோதனையின் முடிவு 2017இல்தான் வந்தது. ஒகாமோட்டோ அதற்கு முந்தின ஆண்டே போய்விட்டார்.

உறைந்த ரத்தத்தைக் கரையவிடாமல் தடுக்கும் மாத்திரை என்பதை மறக்காதீர்கள். காலில் ரத்தக்கட்டி வந்தவர், பக்கவாதம் வந்தவர், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர் எல்லாம் மருத்துவரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு பெண், தன் அக்காவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பங்கு போட்டுச் சாப்பிடுவதாகக் கவுண்டரில் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருந்துக்கடை அக்கா | 29 செப்டம்பர்

ஒட்டுப்பொட்டு வைத்த இடத்தில் வட்டமாக வெளுத்திருக்கிறது என்றவர்: பொட்டை இன்றே நிறுத்துங்கள். சில பொட்டுகளின் பசையில் இருக்கும் ஒரு ரசாயனம் நிறமிச் செல்லையே கொல்லும். மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்துக்கடை அக்கா | 6 அக்டோபர்

செம்பனைக்காரி கடைக்கே வந்தாள். முதல்முறை நேரில் பார்க்கிறேன். சிவப்பு போய்விட்டது, பொரி இல்லை. மங்கு முன்பு இருந்த மாதிரியே திரும்பிவிட்டது, ஒரு சுற்றுக் கூடுதலாகக்கூட இருக்கலாம். அதை அவளிடம் சொல்லவில்லை. ஈப்போவில் பார்த்துவிட்டாள். அசெலாயிக் அமிலம் கொடுத்திருக்கிறார்கள், மறுபடியும் ஜனவரியில் வரச் சொல்லி.

பையிலிருந்து சன்ஸ்கிரீனை எடுத்துக் காட்டினாள். “அக்கா பாருங்க, ஆகஸ்டில் வாங்கினது, இன்னும் பாதி இருக்கு. நல்லா சிக்கனமா வைச்சிருக்கேன்.”

கவுண்டரில் ஆள் இருந்ததால் மெதுவாகத் திட்டினேன். 18 ஆகஸ்டு பதிவைத் திறந்து அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, “இதை நான் அப்பவே படிச்சேனே” என்றாள்.

அப்புறம் சுட்டுவிரலையும் நடுவிரலையும் நீட்டச் சொல்லிக் கோடு இழுத்துக் காட்டினேன். இவ்வளவா என்று கண்ணை விரித்தாள். ஏட்டில் எழுதியதை எல்லாரும் புரிந்துகொண்டார்கள் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மருந்துக்கடை அக்கா | 13 அக்டோபர்

பாதரச முடிவு வந்துவிட்டது. அளவுக்குள்தான் இருக்கிறது. ஆக முதல் நாள் நான் போட்ட பாதரசக் கூச்சல் இவள் விஷயத்தில் தப்பு. இரண்டு மாதம் பிள்ளை நினைப்பில் அவள் தூங்காமல் கிடந்ததற்கு நானும் காரணம். ஆனால் அடுத்த டப்பாவில் இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். பேர் இல்லாத டப்பாவில் இன்று ஒன்று, நாளை ஒன்று கலப்பார்கள்.

அந்த ஆறு பேரைப் பற்றிக் கேட்டீர்கள். நாலு பேர் வாங்கவில்லை. ஒருத்தி முன்னாடியே வாங்கிவிட்டாள், இப்போது நிறுத்தப் பயப்படுகிறாள். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் செம்பனைக்காரி சொல்லியிருக்கிறாள். ஆறாவது ஆள் பேச மாட்டேன் என்கிறாள். நான் எல்லாம் வியாபாரத்துக்குச் சொல்கிறேனாம். என் கடையில் சன்ஸ்கிரீன் விற்கிறதே, அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வேறு கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.

பசார் மாலாமில் ஒரு செட் நானே வாங்கினேன். ரசீது கேட்டபோது அந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். சுகாதார அமைச்சின் மருந்தியல் அமலாக்கப் பிரிவுக்குப் படத்தோடு புகார் எழுதிவிட்டேன்.

மருந்துக்கடை அக்கா | 1 நவம்பர்

தீபாவளிப் படம் அனுப்பியிருந்தாள். மங்கு அப்படியேதான் இருக்கிறது. மாம்பழ நிறச் சேலை, மேலே லேசாகக் கலர் சன்ஸ்கிரீன். படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: “முகமும் கையும் ஒரே நிறம் அக்கா.” என் கல்யாணப் படத்துக் கதையை மறக்கவில்லை, குறும்புக்காரி.

எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு நெற்றியைக் கழுவினீர்களா எல்லாரும்?

மருந்துக்கடை அக்கா | 24 நவம்பர்

இடதுகன்னத்தில் ஓரம் கலைய ஆரம்பித்திருக்கிறது என்கிறாள். படத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெளிச்சம் மாறினால் என் மங்குகூடப் போய்விடும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வாசல் பக்கம் நின்று மாதம் ஒரு படம் எடு என்று சொன்னேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் புது டியூப் ஒன்று வாங்கிப் போனாள். இன்று காலையில் அவளிடமிருந்து குறுஞ்செய்தி: “அக்கா, டியூப்பைக் கத்தரியில் வெட்டித் துடைச்சு எடுத்துட்டேன், சுத்தமா தீர்ந்துபோச்சு. சாயங்காலம் வர்றேன், ஒண்ணு எடுத்து வைங்க.”

விரல்விட்டு எண்ணினேன். 25 நாள்.